அக்காவுக்கு நான் எடுத்துக் கொடுத்த அம்பு

அக்காவின் பேரன் வில் பழகப்போகிறான் என்று அவனுக்கு அம்பு வாங்கப் போனோம். "புதுசாப் பழகுறவங்களுக்கு லேசான அம்பு போதும்மா. ஆனா இழுக்கிற நீளத்தைவிடக் கொஞ்சம் நீளமா இருக்கணும்" என்ற கடைக்காரர், மர அம்பு ஒன்றைக் காதருகே வைத்து மெல்ல வளைத்தார். "விரிசல் இருந்தா சத்தம் கேக்கும்" என்றார்.

அந்தச் சத்தத்தை நான் எட்டு வயதில் கேட்டிருக்கிறேன். அப்போது போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்து லய வீட்டில் குடியிருந்தோம். அப்பா மூங்கிலில் வில் செய்து அக்காவுக்கு மட்டும் கொடுத்தார். "நீ சின்னப்புள்ள ஆத்தா, அம்பு எடுத்துக் குடு, போதும்" என்றார். ஈரச் சருகு மணக்கும் ஏலச்செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து, அம்புக்கு நறுக்கிய ஈத்தை மூங்கில் குச்சிகளை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் மெல்ல நெரியும் சத்தம் கேட்டது.

"வெரசா கொண்டாடி!" என்று அக்கா கத்தினாள். எனக்குப் பொறாமை. அம்பு ஒடிந்து அவள் அசடு வழியட்டும் என்று அதையே கொடுத்தேன்.

நாணை விட்டதும் அம்பு பிளந்து, சிம்பு அவள் இடது உள்ளங்கையில் ஏறியது. ஏலக்காய் லோடு லாரியில் அவளைப் போடிக்குக் கொண்டுபோனார்கள். புண் ஆறியது, இரண்டு விரல்கள் மட்டும் மடங்கியபடியே நின்றுவிட்டன. "நாந்தான்டி ரொம்ப இழுத்துட்டேன்" என்று என்னைத் தேற்றுவாள். போன வருஷம் கண் மூடும்வரை அப்படித்தான் நம்பினாள். அவள் கைகளைக் கூப்பி வைத்தபோது அந்த இரண்டு விரல்கள் நிமிரவில்லை.

"அப்பத்தாவும் வில்லு விட்டுச்சாமே, நல்லா விடுமா?" என்று அம்புக் கடையில் கேட்டான் பேரன்.

"விடுவா அப்பு. ரொம்ப இழுத்துருவா, அதுதான்" என்றேன்.