மாஊன் அத்தியாயமும் பதினான்கடி ஏணியும்

குர்ஆனின் நூற்றேழாவது அத்தியாயத்துக்கு ஏழே வசனங்கள். மூச்சை ஒருமுறை ஆழமாக இழுத்தால் ஓதி முடித்துவிடலாம். சிறு வயதில் மதரஸாவில் மனப்பாடம் செய்ததிலிருந்து நாற்பது வருடங்களாகத் தொழுகையில் ஓதி வருகிறேன். ரயிலைப் பிடிக்க ஓட வேண்டிய காலைகளில் கொஞ்சம் அதிகமாகவே. பொருள் தெரியாமல் ஓதினேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. பொருள் தெரியும். ஐந்து விரிவுரை நூல்கள் வாங்கி, மஞ்சள் காகிதத் துண்டுகள் ஒட்டி, அடிக்கோடிட்டுப் படித்திருக்கிறேன்.

மேனாம்பேட்டில் எங்கள் தெருக்கோடிச் சிறிய பள்ளிவாசலுக்கு நான் செயலாளர். தமிழ் நன்றாக எழுதுவேன் என்று யாரோ கிளப்பிவிட்டதால் தீர்மானப் புத்தகம் என் கைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பின் அரைமணி நேரம் குர்ஆன் விளக்க வகுப்பும் என்னுடையதுதான். ஏழெட்டுப் பேர் உட்காருவார்கள். அவர்களில் மூவர் சமோசாவுக்காக என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

போன டிசம்பரில் வகுப்புக்கு மாஊன் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டேன். ஏழு வசனத்துக்கு மூன்று வாரம். முதல் வாரம் பின்னணி: இது மக்காவில் இறங்கியதா, மதீனாவிலா, அல்லது முன்பாதி அங்கே பின்பாதி இங்கேயா என்ற விவாதம். இரண்டாம் வாரம், மக்காவின் குறைஷிக் குலப் பெருந்தலை ஒருவர் வாரந்தோறும் ஒட்டகம் அறுப்பார், இறைச்சி கேட்டு வந்த அநாதை ஒருவனைத் தடியால் அடித்து விரட்டினார் என்ற செய்தி. அந்தப் பெருந்தலை யார் என்பதில் உரைகாரர்கள் ஒத்துப்போவதில்லை. நான் அத்தனை பெயர்களையும் சொன்னேன். ஒருவர் தூங்கிவிட்டார்.

மூன்றாம் வாரத்துக்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை மாலை, எதிர்வீட்டு அக்கா பள்ளிவாசல் வாசலில் வந்து நின்றார்.

தையல்காரர். தனியாக இருக்கிறார். ஒரே அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சன்னலோரம் மெஷின். அவருடைய தேவாலயத்தின் பாடற்குழுப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் உடுப்பு அவர்தான் தைக்கிறார். வெள்ளை கவுன், இடுப்பில் சிவப்புப் பட்டை.

"பாய், மேல ஷீட்டு ஒடைஞ்சிகீது. சனிக்கெழம பெரிய மழன்றான். தார்ப்பாய் வாங்கி வச்சிகீறேன், ஏணிதான் இல்ல. பள்ளி ஏணிய அர மணி நேரம் குடுத்தா என் தம்பி ஏறிக் கட்டிட்டுக் குடுத்துடுவான்."

தெருவில் அவ்வளவு நீள ஏணி வேறு கிடையாது. கேபிள்காரரிடம் ஒன்று உண்டு. அவர் மழைக்கு முன் வேலைகளை முடிக்க அதைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் அலைந்துகொண்டிருந்தார். நான் உடனே எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். பள்ளிவாசல் கமிட்டித் தலைவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இங்கே ஏணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பதினான்கடி அலுமினிய ஏணி. என் அத்தா இறந்த வருடம் அவர் நினைவாக நான் வாங்கிக் கொடுத்தது. பள்ளிவாசலுக்கு மின்விசிறி வாங்கித் தந்து இறக்கையில் பெயர் எழுதுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் விசிறி சுற்ற ஆரம்பித்தால் பெயர் தெரியாது. ரொம்ப யோசித்து ஏணியைத் தேர்ந்தெடுத்தேன். பக்கவாட்டில் சிவப்பு எனாமலில், காலஞ்சென்றவர் என்பதற்கான மர்ஹூம் என்று தொடங்கி அத்தா பெயர், கீழே சற்றே பெரிய எழுத்தில் என் பெயர்.

போன வருடம் யாரோ வெள்ளையடிக்க இரவல் வாங்கிப்போய், திருப்பித் தந்தபோது அத்தாவின் பெயர் பாதி சுண்ணாம்பில் மறைந்திருந்தது. என் பெயர் முழுதாகவே மறைந்திருந்தது. அந்த ஆத்திரத்தில் நானே தீர்மானம் எழுதினேன்: "பள்ளிவாசலின் உடைமைகள் எக்காரணம் கொண்டும் எவருக்கும் வெளியே வழங்கப்படலாகாது. சாமான் அறையின் சாவி தலைவர் வசம் மட்டுமே இருக்கும்." அந்த 'லாகாது' விழுந்த அழகில் எனக்கே புல்லரித்தது. ஏகமனதாக நிறைவேறியது.

தலைவர் கள்ளிக்குப்பத்தில் இருக்கிறார். வியாழக்கிழமை போன் செய்தேன்.

"இன்னா பாய், நீதான எழுதின?" என்றார். "லாகாதுன்னு போட்டுகீற. இப்ப நீயே வந்து குடுன்றியே. அது வக்ஃப் சாமான். நாளைக்கு அல்லாகிட்ட நான் பதில் சொல்லணுமா, நீ சொல்லுவியா?"

வக்ஃப் என்றால் இறைவனுக்கென்று விடப்பட்ட சொத்து. எதற்காக விடப்பட்டதோ அதற்குத்தான் பயன்பட வேண்டும். பள்ளிவாசல் பாயைக் கல்யாண வீட்டில் விரிக்கக் கூடாது என்ற சட்டமெல்லாம் உண்டு. அதற்கு எதிர்வாதம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியும். ஆனால் போனில் வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் வைக்கலாம் என்று அவரே முடித்துவிட்டார். மழை சனிக்கிழமை. கமிட்டி ஞாயிற்றுக்கிழமை.

வெள்ளிக்கிழமை வந்தது. வானம் கறுத்துக் கிடந்தது. நான் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு மூன்றாம் வாரத்தைத் தொடங்கினேன். தீர்ப்பு நாளைப் பொய்யென்று சொல்பவன் யார் என்று கேட்டுத் தொடங்குகிறது அத்தியாயம். அநாதையைப் பிடித்துத் தள்ளுகிறவன், ஏழைக்குச் சோறு போடும்படி பிறரைத் தூண்டாதவன் என்று பதிலும் சொல்கிறது. பிறகு சட்டென்று திரும்பி, தொழுகிறவர்களுக்குக் கேடு என்கிறது. தொழாதவர்களுக்கு அல்ல, கவனியுங்கள் என்று குரலை உயர்த்தினேன். தன் தொழுகையில் கவனமில்லாதவர்கள், பிறர் பார்க்க வேண்டுமென்றே செய்கிறவர்கள், கடைசியாக, மாஊனைத் தர மறுப்பவர்கள். மாஊன் என்றால் ஜகாத் என்னும் கட்டாயக் கொடை என்று சிலர். வீட்டுக்கு வீடு கைமாறும் சின்னச் சாமான்கள் என்று பலர்: பானை, வாளி, கோடாரி, உப்பு, நெருப்பு. "பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுவந்து நிற்கும் அற்பப் பொருளை இல்லையென்று சொல்பவனின் தொழுகை, தொழுகையா?" என்று கேட்டு நிறுத்தினேன். நிறுத்தம் நன்றாக அமைந்தது. அந்த நிசப்தத்தில்தான் கவனித்தேன், எதிர்வீட்டுத் தையல் மெஷினும் நின்றிருந்தது.

பெண்கள் பகுதிக்கென்று சன்னலோரம் ஒரு ஸ்பீக்கர் வைத்திருக்கிறோம். அது தெருவைப் பார்த்து இருக்கிறது. மூன்று வாரமாக அந்த அக்கா என் வகுப்பைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எங்கள் ஜமாஅத்தில் யாரும் அவ்வளவு தொடர்ச்சியாகக் கேட்டதில்லை.

வெளியே வந்தபோது அவர் தன் வாசலில் நின்றிருந்தார்.

"நல்லா பேசுனீங்க பாய்," என்றார். குரலில் கேலி இருந்ததா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன், இருந்திருந்தால் தேவலை. "ஏணி கெடைக்குமா?"

உள்ளே திரும்பிப்போய் ஹஜ்ரத்தைப் பிடித்தேன். எங்கள் இமாம் ராமநாதபுரம் பக்கத்துக்காரர், என் வயதில் பாதி. வக்ஃப் சட்டத்தை, தீர்மானத்தை, தலைவர் சொன்னதை எல்லாம் அவர் முன் அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஏணிய நீங்கதானே குடுத்திய? குடுக்கும்போது என்ன நிய்யத்து வச்சிய?"

வக்ஃபில் கொடுத்தவரின் எண்ணம்தான் முக்கியம். பள்ளிவாசலைச் சுற்றியிருக்கும் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று எண்ணியிருந்தால், தாராளமாகக் கொடுக்கலாம். எளிமையான கேள்வி. நான் பதில் தேடிப் பார்த்தேன். கடையில் ஏணியைத் தேர்ந்தெடுத்ததும், பெயர் எழுத இடமிருக்கிறதா என்று பக்கவாட்டை விரலால் அளந்ததும் நினைவுக்கு வந்தன. வேறொன்றும் வரவில்லை. ஹஜ்ரத்துக்குப் புரிந்திருக்க வேண்டும். இப்போது வைத்துக்கொள்ளுங்கள் என்றார், மாத்திரையை விழுங்கச் சொல்வது போல.

வைத்துக்கொண்டேன். ஆனால் சாவி தலைவரிடம், அது என் தீர்மானத்தின் இரண்டாவது வாக்கியம். பூட்டை உடைத்திருக்கலாம். செயலாளர் பூட்டை உடைத்தார் என்று தீர்மானப் புத்தகத்தில் நானே எழுத வேண்டியிருக்குமே என்று தோன்றியது. அந்த நேரத்திலும் எனக்கு வாக்கிய அமைப்புதான் தோன்றியது.

சனிக்கிழமை காலை தலைவர் ஆவடியில் உறவினர் வீட்டு நிக்காஹ்வில் இருந்தார். போனை எடுக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். மாப்பிள்ளை வந்து சேரும்வரை அவர் எழுந்து வரமாட்டார் என்றார்கள். மாப்பிள்ளை வந்தார். திருமண உரையான குத்பா ஓதினார்கள். பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். பிரியாணிப் பந்தியில் தலைவரின் பக்கத்து நாற்காலியைப் பிடித்து நிய்யத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் எலும்பை ஒதுக்கிவிட்டு, இடது கையால் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துத் தந்தார். "ஹஜ்ரத் சொன்னார்னா சரி. இத நேத்தே சொல்லிருந்தா நேத்தே குடுத்துருப்பேனே." நேற்று ஹஜ்ரத்திடமிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அண்ணனூர் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ரயில்வே கேட்டில் பத்து நிமிடம். தெருவுக்கு வந்து சேர்ந்தபோது தார்ப்பாய் அந்த அக்காவின் வாசலில் மடித்த மடிப்பு கலையாமல் கிடந்தது. உள்ளே கூரையின் விரிசல் சரியாக வெட்டுமேசைக்கு மேலே ஒழுகிக்கொண்டிருந்தது. மெஷினை மட்டும் இழுத்து ஓரமாக்கியிருந்தார். மேசையில் அடுக்கியிருந்த கவுன்களில் சிவப்புப் பட்டைகளின் சாயம் வெள்ளையில் இறங்கியிருந்தது. நான்கு கவுன்கள்.

மழை விட்டதும் ஏணியை நானும் ஹஜ்ரத்தும் தூக்கி வந்தோம். தம்பி ஏறிக் கட்டினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நான் மன்னிப்பு மாதிரி எதையோ ஆரம்பித்தேன். வாக்கியம் நீண்டுகொண்டே போனது. அவர் ஒரு கவுனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "வுடுங்க பாய், துணி வாங்கி மறுபடி தச்சிக்கிறேன்," என்றார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு நாளும் மெஷின் ஓயவில்லை. என் தொழுகை முழுக்க அந்தச் சத்தம்தான். நான் வேறு அத்தியாயங்களை ஓதினேன்.

தீர்மானத்தைத் திருத்தக் கமிட்டியில் முன்மொழிந்தேன். மூன்று பேர் கொண்ட குழு ஆராய்கிறது. குழுவில் நானும் ஒருவன். இன்னும் கூடவில்லை.

இந்த ஏப்ரலில் ஒரு மாலை தொழுதுவிட்டுப் படியிறங்கினேன். எங்கிருந்தோ வாடகைக்கு எடுத்த நீளமான மூங்கில் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த அக்காவின் தம்பி பள்ளிவாசல் வாசலைக் கடந்து போனார். பின்னால் அக்கா, கையில் புது ஷீட்டுக்கான ஆணிப் பொட்டலம்.

"எங்ககிட்ட கேட்டிருக்கலாமேக்கா," என்றேன்.

"உங்களுக்கு எதுக்கு பாய் தொந்தரவு," என்றார், நிஜமான மரியாதையோடு.