பாதிக் கொள்ளு

நாற்பத்தாறு நடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணியிலிருந்து எட்டேகால் வரை, கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் அந்தச் செவலைக் குதிரை மணலில் ஆள் சுமந்து போய்வந்த கணக்கு அது. தண்ணீர் காட்டியது இரண்டு முறை. நிழல் இல்லை. இடது பின்னங்காலை அது ஊன்றாமல் நின்றது பதினொரு தடவை.

துறைமுகத்தில் முப்பத்து நாலு வருடம் சரக்கு எண்ணினேன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டையை, பெட்டியை, பீப்பாயை நின்று எண்ணி எழுதுவது வேலை. ஓய்வு பெற்ற பிறகு வேலை போய்விட்டது, எண்ணுவது போகவில்லை. சர்க்கரைக்காகத் தினம் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். மந்தைவெளியில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கடற்கரைக்கு நாலாயிரத்து இருநூறு காலடி, கொஞ்சம் முன்பின். போய்ச் சேர்ந்ததும் மூச்சு வாங்க உட்கார வேண்டும். உட்கார்ந்தால் எதிரே குதிரை.

குதிரைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். நொச்சிக்குப்பத்துக்காரர். அந்த ஒரு குதிரைதான் அவருக்கு.

"ஏம்பா, தண்ணி காட்டினியா?" என்று கேட்டேன்.

"காட்டிக்கினுதான் கீறேன் சாமி. நீ நடக்கத்தானே வந்தே? நட."

"நாற்பத்தாறு நடை போயிருக்கு. பாவம்."

அவர் திரும்பிக்கொண்டார். பக்கத்தில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தவரிடம் சொன்னார்: "நைனா, இத்தப் பாரேன். பெர்சு கண்டக்டரு மாரி டிக்கெட் எண்ணிக்கினு கீது."

அடுத்த இரண்டு ஞாயிறும் நோட்டோடு போய், அவர் பார்க்கவே எண்ணி எழுதினேன். மூன்று ஞாயிற்றின் கணக்கையும் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி, பிராணிகள் நலம் பார்க்கும் ஓர் அமைப்புக்கு அனுப்பினேன். அவர்கள் ஒரு மருத்துவரைக் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். சேணத்தின் வார் உராய்ந்து வயிற்றோரம் ஒரு புண் இருந்தது. பதினைந்து நாள் குதிரை மேல் யாரும் ஏறக்கூடாது, கடற்கரைக்கே கொண்டுவரக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். எனக்குத் திருப்தியாக இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் குதிரையைப் பார்க்கப் போனேன். குப்பத்தில் அடுக்குக் குடியிருப்புக்குப் பின்புறம், மதிலோரமாகக் கட்டியிருந்தது. கயிறு ஏழடி. குதிரைக்காரர் மீன் ஏலம் விடும் இடத்தில் ஐஸ் இறக்கப் போயிருந்தார். குதிரை வருமானம் நின்றுவிட்டதல்லவா. முன்னால் இருந்த பிளாஸ்டிக் தொட்டியில் ஊறின கொள்ளு அடியில் கொஞ்சமாகக் கிடந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மாளிடம், "இவ்வளவுதான் போடுவாரா?" என்றேன்.

"வேலை இல்லாத நாள்ல பாதிதான் சாமி. எப்பவும் அப்டித்தான். அவங்க அப்பா காலத்துலேந்து."

"ஏன்?"

"அது இன்னாவோ, யாரு கண்டா? வேலை இருந்தா முழுசு, இல்லாட்டி பாதி."

உழைத்தால்தான் சாப்பாடா என்று எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே வீட்டில் டப்பாவைத் திறந்து கொள்ளை அளந்து ஊறப் போட்டேன். என் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள்.

"உங்களுக்கு உடம்பு இளைக்கட்டும்னு வாங்கி வச்சது அது. எங்க எடுத்துண்டு போறேள்?"

"குதிரைக்கு."

"இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளும்பா. குதிரை இளைச்சிருக்கா, கொழுத்திருக்கா? அதைக் கேட்டேளா?"

கேட்கவில்லை. தினமும் ஆறு டம்ளர், தூக்குப் பாத்திரத்தில். மீன் ஆயும் அம்மாளிடம், குதிரைக்காரரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவள் சரி என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நாலாம் நாளிலிருந்து பதினைந்தாம் நாள் வரை பன்னிரண்டு நாள். எழுபத்திரண்டு டம்ளர். முதல் நாள் பதினாறு நிமிடத்தில் தின்றது. கடைசி நாள் பதினோரு நிமிடம். இவ்வளவும் குறித்து வைத்தேன். ஏழடிக் கயிற்றின் வட்டத்துக்குள் தரை வழுவழுவென்று தேய்ந்திருந்ததையும் பார்த்தேன். அதைக் குறிக்கவில்லை. குதிரை அந்த வட்டத்தை விட்டு வெளியே ஓர் அடிகூடப் போகவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. ஓய்வு என்றால் நிற்பது என்றுதான் நினைத்திருந்தேன்.

பதினாறாம் நாள் மாலை கடற்கரைக்குப் போனேன். புண் ஆறி, குளித்து, கழுத்தில் மணி கட்டி, குதிரை பளபளவென்று நின்றது.

"வந்துட்டியா? எண்ணு, எண்ணு," என்றார் குதிரைக்காரர்.

முதல் இரண்டு நடை தொந்தரவில்லாமல் போய் வந்தது. மூன்றாவதில் ஒரு தடித்த மனிதர் ஏறி, கொஞ்சம் ஓட்டச் சொன்னார். ஓடியது. திரும்பி வரும்போது பாதியில் நின்றுவிட்டது. சண்டித்தனம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். குதிரைக்காரர் மட்டும் அப்படி நினைக்கவில்லை. ஆளை இறக்கினார், சேணத்தை அவிழ்த்தார், பின்பக்கச் சதையில் கை வைத்தார். என்னையும் கூப்பிட்டு வைக்கச் சொன்னார். மரம் மாதிரி இருந்தது. பின்னங்கால்கள் இரண்டும் விறைத்து, உடம்பெல்லாம் வியர்வை மணலில் சொட்டியது. பிறகு அது சிறுநீர் கழித்தது. காலையில் எங்கள் வீட்டு ஃபில்டரில் இறங்கும் டிகாக்ஷன் நிறம். குதிரைக்காரர் அதைப் பார்த்துவிட்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மருத்துவருக்கு ஃபோன் செய்து அவர் வந்து சேர ஒன்றேகால் மணி நேரம். முன்பு வந்த அதே பெண் மருத்துவர்தான், முப்பது வயதிருக்கும். பார்த்தவுடனே கோபம் வந்துவிட்டது அவருக்கு.

"பதினஞ்சு நாளும் ஃபுல் தீனி போட்டு நிக்க வச்சிருக்கீங்க. இன்னிக்கு திடீர்னு ஓட விட்டா சதை வெந்து போகாதா? அதுதான் கரைஞ்சு மூத்திரத்துல வருது. கிட்னி தாங்குமான்னு தெரியல."

"ஃபுல்லு இல்ல மேடம். பாதிதான் போட்டேன்."

"பாதி போட்டா இவ்வளவு மோசமா ஆகியிருக்காது. பொய் சொல்லாதீங்க."

"பொய்யி இல்ல மேடம். எங்கப்பன் சொல்லிக் குடுத்தது. நிக்கிற குதிரைக்குப் பாதி, அதும் கூட ஒரு மணி நேரம் கையில புட்ச்சிகினு நடை. நடைதான் இந்தத் தபா போடல."

"ஏன் போடல?"

அவர் என்னைக் கை காட்டினார். "கவுத்த அவுத்தா இது நோட்டுல எழுதி அனுப்பிடும். வெளிய கொண்டாரக் கூடாதுன்னு நீங்களும் எழுதிக் குட்த்தீங்க."

மருத்துவர் ஊசி மருந்தை எடுத்துக்கொண்டே சொன்னார்: "ஏறக்கூடாதுன்னா நடத்தக்கூடாதுன்னு அர்த்தமா? அதை நான் தெளிவா எழுதியிருக்கணும், சரி. ஆனா தீனி விஷயத்துல நீங்க சொல்றதை நான் நம்பல. ரிப்போர்ட்ல எழுதத்தான் போறேன். எழுதினா குதிரையை எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க."

"எட்த்துகினு போனா நான் இன்னா மேடம் பண்ணுவேன்?" என்றார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை.

நான் குதிரையின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிடத்துக்கு முப்பத்தெட்டு. இன்னொரு நிமிடம் எண்ணினேன். நாற்பது. மூன்றாவது நிமிடமும் எண்ணியிருப்பேன். அப்படியே வீட்டுக்குப் போயிருக்கவும் முடியும். மீன் ஆயும் அம்மாள் சொல்லியிருக்கமாட்டாள்.

"மீதியை நான் போட்டேன்," என்றேன். "தினம் ஆறு டம்ளர். பன்னிரண்டு நாள். அவருக்குத் தெரியாது."

மருத்துவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதானே கம்ப்ளைண்ட் எழுதினது?"

"ஆமாம்."

குதிரைக்காரர் கையில் சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். ஆறு பாட்டில் ஏறியது. நாலாவது பாட்டிலின்போது என் பக்கம் திரும்பினார்.

"சோறு போட்டே கொல்லப் பாத்தியே சாமி."

அடுத்த பாட்டிலை நான் எடுத்துப் பிடித்தேன். "தாழப் புட்ச்சிகினு கீற, குடு," என்று வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கு மருத்துவர் தன் தாளில் தீனி என்ற இடத்தில் நான் சொன்னதைத்தான் எழுதினார். கீழே என்னைக் கையெழுத்தும் விலாசமும் போடச் சொன்னார். போட்டேன்.

ஒரு வாரம் குதிரை குப்பத்து மதிலோரம் அசையாமல் நின்றது. சாகவில்லை. எட்டாம் நாள் மருத்துவர் நடை எழுதிக் கொடுத்தார்: முதல் நாள் ஐம்பது காலடி, பிறகு தினமும் இருபது கூட்டிக்கொண்டே போகவேண்டும். விறைத்தால் உடனே நிறுத்தவேண்டும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு குதிரைக்காரர் என்னைத் தேடி மந்தைவெளிக்கே வந்துவிட்டார். வாசலில் நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல், "காலைல அஞ்சரைக்கு வா," என்றார். "எண்ணத் தெரியும்ல? எண்ணு. நோட்டு எட்த்தாராத. வாயால எண்ணு."

அவர் போனதும் மனைவி சொன்னாள்: "அதுக்குப் பாதிக் கொள்ளுன்னா, ஆத்துல உக்காந்திருக்கற உங்களுக்கு ஏன் நாலு தோசை? நாளைலேந்து ரெண்டு." அவள் சொன்னால் செய்வாள். செய்தாள்.

முப்பத்தேழு நாளாகப் போகிறேன். அலை வந்து போன ஈர மணலில், குதிரைக்குக் கால் புதையாத இடமாகப் பார்த்து, அவர் கயிற்றைப் பிடித்து முன்னால் போவார். நான் பக்கத்தில் வாய்விட்டு எண்ணிக்கொண்டு போவேன். முட்டி வலிக்கிறது. எதிர்க்காற்றில் வாய் உலர்ந்து போகிறது. நூற்றெழுபதில் ஒருநாள் குதிரை நின்றுவிட்டது. அன்றைக்குத் திரும்பிப் போகவே பயமாக இருந்தது. இன்னொரு நாள் முன்னூற்றுப் பத்து முடிந்தும் அது நிற்காமல் தானாகப் போனது. அவர் இழுத்து நிறுத்தினார். எழுதிக் கொடுத்ததற்கு மேல் ஓர் அடி வைக்கவிடமாட்டார்.

ஒருநாள் கேட்டேன்: "பாதிதான் போடணும்னு அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீ எங்க கேட்ட? எழுதிக்கினு போன."

நான் விட்ட இடத்திலிருந்து எண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தாறு நடை அதிகம்தான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அதை அவரிடம் சொல்லும் யோக்கியதை எனக்குத் திரும்பி வர இன்னும் எத்தனை நாள் நடக்கவேண்டுமோ, அந்தக் கணக்கு தெரியவில்லை.

இன்று காலை முதல் தடவையாகச் சுமை வைக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். நாற்பது கிலோ, ஆள் வேண்டாம். அவர் இரண்டு சாக்குகளில் மணல் நிரப்பி வைத்திருந்தார். தராசு இல்லை. நான் தூக்கிப் பார்க்க முடியாமல் சாய்த்துப் பார்த்தேன்.

"இடது சாக்குல மூணு கிலோ அதிகம்," என்றேன்.

"எப்டி சொல்ற?"

"மூட்டை பார்த்த கை."

அவர் அதிலிருந்து மூன்று கை மணலை அள்ளி வெளியே கொட்டினார். இன்னும் கொஞ்சம் என்றேன். கொட்டினார். சாக்குகளை இரண்டு பக்கமும் ஏற்றிக் கட்டினோம். நூறு காலடிதான். எண்பதில் குதிரை தலையைத் தாழ்த்தியது. எனக்கு வாய் நின்றுவிட்டது. அவர் திரும்பிப் பார்த்து, "எண்ணு," என்றார். எண்பத்தொன்று, எண்பத்திரண்டு. நூறில் நிறுத்தி, சாக்கை இறக்கி, பின்பக்கத்தில் கை வைத்துப் பார்த்தோம். சதை சதையாகவே இருந்தது, மரம் மாதிரி இல்லை.

அப்போது அது சிறுநீர் கழித்தது. நானும் அவரும் குனிந்து பார்த்தோம். வெளுத்த மஞ்சள். இருவரும் நிமிர்ந்தோம். எனக்குத்தான் நிமிர நேரமானது.

"இன்னிக்கு எவ்வளவு போடப்போற?" என்று கேட்டேன்.

"பாதி," என்றார். "நீ வூட்டுக்குப் போ."