புதுக்குடியிருப்பில் கேட்ட ‘தாந்தவா’

கடந்த ஆடி மாதம் ஒஸ்லோவிலிருந்து என் நாலரை வயது மகள் கயலுடன் புதுக்குடியிருப்புக்குப் போனேன். அங்கே அக்கா இருக்கிறார். நாங்கள் நேரில் பார்த்துப் பதினொரு வருடம். ஆசையோடு ஒரு பயமும் இருந்தது. கயலுக்குத் தமிழ் என்றால் என் ஒருத்தியின் குரல்தான். அதே வயதுள்ள அக்கா மகள் மதி வளர்வதோ பத்துப் பேர் கதைக்கும் வீட்டில். இவளுடைய தமிழ் அங்கே எடுபடுமா?

கொழும்பிலிருந்து காலை ரயிலில் வவுனியா. அங்கே 12.40க்கு பஸ். மாங்குளம், ஒட்டுசுட்டான் வழியாகக் கிட்டத்தட்ட தொண்ணூறு கிலோமீற்றர், மூன்று மணித்தியாலம், டிக்கெட் 420 ரூபா. இடப்பக்க யன்னல் வேண்டாம், மாங்குளம் வரை வெயில் முகத்திலேயே அடிக்கும்.

“பிள்ளைக்குத் தமிழ் விளங்குமோ, அக்கா?” நடத்துநர் கேட்டார். கயல் வாயே திறக்கவில்லை. “ஓம், விளங்கும்” என்று நான்தான் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

அன்று முழுக்க அவள் பேசவில்லை. மறுநாள் காலை மதி தன் சைக்கிளை உருட்டி வந்து, “இது அப்பா தாந்தவர்” என்றாள். கயல் தன் பையைத் தூக்கிக் காட்டினாள். “இது அம்மா தாந்தவா.”

குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. ‘தந்தவா’, அதாவது தந்தார், என்று நான் மாதக்கணக்கில் திருத்தியும் கயலிடம் மாறாத சொல் அது. என் ஒற்றைத் தமிழ்தான் பிள்ளையைக் கெடுத்தது என்று நினைத்திருந்தேன்.

“இங்க ஆர் அக்கா அப்பிடிச் சொல்லுறது?”

“ஒருத்தரும் இல்லை. அவளாத்தான் சொல்லுறாள்.” அக்கா சிரித்தார். “நீயும் சின்னனில அப்பிடித்தான் கதைச்சனீ. அம்மா திருத்தித் திருத்திக் களைச்சுப் போனா.”

அம்மாவும் அப்பாவும் இப்போது இல்லை. என் மழலையை நினைவில் வைத்திருக்கும் ஒரே ஆள் அக்காதான்.

பிள்ளைகள் இருவரும் கேட்டு வளர்ந்த பேச்சு வேறு வேறு. ஆனால் ‘தா’ என்றால் ‘தாந்தவர்’, ‘தாந்தவா’ என்றுதான் வரவேண்டும் என்று, ஒருவரையொருவர் காணாமலே, முடிவு செய்திருந்தார்கள். அதன்பிறகு அவர்களைப் பிரிக்க முடியவில்லை. ஆறாம் நாள் காலை 6.15 பஸ்ஸுக்கு கயலைத் தூக்கித்தான் ஏற்றினேன்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் ஐந்து நாளுக்குத் திட்டமிடாதீர்கள், போதாது. முதல் நாளே பேசச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம்.

போன ஞாயிறு, ஒஸ்லோவில், கயல் ஒரு சட்டையைக் காட்டி, “பெரியம்மா தந்தவா” என்றாள். சரியாகத்தான் சொன்னாள். எனக்கு ஏனோ அழுகை வந்தது. அக்காவுக்கு போன் எடுத்துச் சொன்னேன்.

“இவளும் இந்தக் கிழமைதான் சரியாச் சொல்லத் துவங்கினவள்,” என்றார். “ரெண்டும் வளருதுகள். நீ எப்ப வாறாய்?”