வெள்ளைக்காரருக்குக் கட்டிய பரிவட்டம்

இதை எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்து, எழுதாமலே விட்டேன். கோயிலுக்குள் நடந்ததை வெளியே சொன்னால் அம்பாளுக்குக் குற்றமாகுமோ என்ற பயம். படிப்பும் பெரிதாக இல்லாதவன். ஆனால் இப்போது ஆளாளுக்கு ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். நான் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

2009. லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் ஒரு பழைய கிடங்குக்குள் இருந்தது எங்கள் கோயில். நிர்வாகசபைத் தலைவர் வராமல் பூசை தொடங்காது. மூலஸ்தானக் கதவின் திறப்பு அவருடைய இடுப்பில் தொங்கும். எதிர்த்துக் கேட்ட ஐயர்மார் வந்த வழியே போனார்கள். எதிர்த்துக் கேட்ட குடும்பத்துக்குத் திருவிழா உபயம் இல்லை.

ஹவுன்ஸ்லோவிலிருந்து வருவதால் நாங்கள் ஹவுன்ஸ்லோ அக்கா என்று கூப்பிடுபவரின் ஐந்தாம் நாள் திருவிழா அப்படித்தான் பறிபோனது. கோயில் தொடங்கிய நாளிலிருந்து அவரும் கணவரும் செய்துவந்த உபயம். அதை விட்டுவிடாதே என்று சொல்லிவிட்டுத்தான் கணவர் கண்ணை மூடினார். பொதுக்கூட்டத்தில் அக்கா எழும்பி, தேர்தல் ஏன் வைப்பதில்லை என்று கேட்டார். கொஞ்ச நாளில் அந்தத் திருவிழா தலைவரின் சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டது.

கோயில்கள் போன்ற தரும நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசாங்க அலுவலகத்துக்கு அக்கா முறையிட்டார். ஒரு சனிக்கிழமை இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகள் வந்தார்கள். நடுவயதுப் பெண் ஒருவர், இளைஞர் ஒருவர். பூசைக்குப் பிறகு சாட்சி சொல்வதாகப் பல குடும்பங்கள் வந்திருந்தன. தலைவர் கெட்டிக்காரர். இருவரையும் கும்பிட்டு உள்ளே அழைத்து, ஐயரைக் கொண்டு இளைஞரின் தலையில் பரிவட்டம் கட்டுவித்து, முதல் மரியாதையாகக் காளாஞ்சித் தட்டும் கொடுக்க வைத்தார். அந்தப் பிள்ளை சிரித்தபடி தலையைக் குனிந்தது. அவருக்கு அது ஒரு உபசாரம். எங்கள் சனத்துக்கோ தீர்ப்பே வந்துவிட்டது. பரிவட்டம் கட்டிக்கொண்டவன் தலைவரின் ஆள் அல்லவா?

பக்கத்தில் நின்ற நண்பர், "முடிஞ்சுது அண்ணை. சோத்தைத் திண்டிட்டு வீட்டை போவம்" என்றார். அன்னதானம் முடிய, வாசலில் சாட்சிகளின் சப்பாத்துகள் இல்லை. அக்கா மட்டும் இருந்தார்.

நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது அதிகாரிகள் தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். என் வேலைத்தல ஆங்கிலத்துக்கு விளங்கியது இவ்வளவுதான். இந்தத் தலைவரை விலக்கிவிட்டு வேறு ஆளை வைக்க வேண்டும் என்றார் பெண். இது இவர்களுடைய வழக்கம், அவசரப்படாமல் மெல்ல மெல்லத் திருத்தலாம் என்றார் இளைஞர். பரிவட்டம் இன்னும் அவர் தலையில். இதே வாதத்தை எங்கள் பாட்டன்மாரும் ஏதோ ஒரு வெள்ளைக்காரத் துரையின் கச்சேரி வாசலில் நின்று கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா அந்த இளைஞரிடம், முதலில் அதைக் கழற்றுங்கள், அதைக் கண்டுதான் சனம் போனது என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். அவர் முகம் சிவந்து கழற்றினார். ஆனால் சாட்சிகளுக்குப் போட்ட வெறுங்கதிரைகள் சாட்சி சொல்லாதே. தலைவர் இருக்கட்டும், தேர்தலைப் பிறகு பார்க்கலாம் என்று முடித்துவிட்டு அதிகாரிகள் போனார்கள்.

அந்த வருடத்து ஐந்தாம் திருவிழா. கார்த் தரிப்பிடத்தைச் சுற்றி அம்பாள் வெளிவீதி வந்தாள். அம்பாளைத் தோளில் காவியவர்களில் நானும் ஒருவன். கேற்றடியில் அக்கா அர்ச்சனைத் தட்டோடு நின்றார். அவருடைய தட்டை வாங்கக்கூடாது என்பது தலைவரின் கட்டளை. முன்கொம்பில் தோள் கொடுத்த, அன்றைக்கு 'முடிஞ்சுது' என்ற அதே நண்பர் அக்காவுக்கு முன்னால் நின்றுவிட்டார். அவர் நிற்க நாங்களும் நின்றோம்.

"ஏன் நிக்கிறியள்? நடவுங்கோ" என்றார் தலைவர்.

"ஏலாது தலைவர். பாரமாக் கிடக்கு" என்றார் நண்பர்.

ஒருவரும் அசையவில்லை. மேளமும் நின்றது. தலைவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். ஐயர் போய்த் தட்டை வாங்கி, அக்காவிடம் பெயர் நட்சத்திரம் கேட்டார். அடுத்த வருடம் ஐந்தாம் திருவிழா அக்காவின் உபயமாகவே நடந்தது.

வெள்ளைக்காரர் வந்து திருத்தினார்கள் என்கிறார்கள் சிலர். தலைவர் மனம் இரங்கினார் என்கிறார்கள் வேறு சிலர். அம்பாளே பாரமானாள் என்று சொல்பவர்களும் உண்டு, அது அவளுக்கே தெரியும். என் தோளுக்கு அன்றைக்கும் வழக்கமான பாரம்தான். வாசிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஒன்றும் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.