வேணாம், வெச்சிடுங்க

காலையில் கிளம்பும்போது கணவர் மகளிடம் "சமத்தா இரு" என்பார், என்னிடம் "பாத்துக்கோ" என்பார். கதவு சாத்தப்படும். அதற்கப்புறம் அபிராமபுரத்து இரண்டாம் மாடியில் நானும் இரண்டரை வயது மகளும்தான், ராத்திரி வரை. வேலையை விட்டது என் சொந்த முடிவு என்று எல்லோரும் சொல்வார்கள். எப்போது எடுத்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

அந்த வயதில் அவளுக்கு விளையாட்டு என்றால் என்னை மாதிரி நடிப்பதுதான். பொம்மைக்கு இட்லி ஊட்டிவிட்டு, துப்பாதே என்று முறைப்பாள். சீப்பைக் காதில் வைத்துக்கொண்டு "வேணாம், வெச்சிடுங்க" என்பாள். லோன் வேண்டுமா என்று தினமும் கூப்பிடுகிறவர்களிடம் நான் சொல்வது அது. போகப்போக விளையாட்டு உதவியாக மாறியது. வெங்காயம் எடுத்துத் தருவாள், துணி உலர்த்தினால் கிளிப் நீட்டுவாள். சாயங்காலம் கொசு வருவதற்குள் ஜன்னல்களைச் சாத்த எனக்கு முன்னால் ஓடுவாள். வருகிறவர்கள் மெச்சினார்கள். எனக்கும் பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவள் உதவி முடிந்ததும் அந்த வேலையை நான் முதலிலிருந்து செய்ய வேண்டும். பாத்ரூம் கதவைக்கூடச் சாத்த முடியாது. சில நாள் வாய்விட்டுக் கத்திவிடலாமா என்றிருக்கும்.

அப்போதுதான் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு ஆபீஸில் இன்டர்வியூ போய்வந்தேன். வேலை கிட்டத்தட்ட உறுதி, சாயங்காலம் கூப்பிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். பக்கத்துத் தெருக் குழந்தைகள் காப்பகத்தில் இடம்கூடப் பேசியாயிற்று. பழைய ஆபீஸ் பையைத் துடைத்து ஆணியில் மாட்டினேன். இன்டர்வியூவில் குழந்தையைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை.

அன்று போனைக் கையைவிட்டு இறக்கவே இல்லை. துணி எடுக்கப் பால்கனிக்குப் போகும்போதுதான் சோபாவில் வைத்தேன்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. கீழ்த் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

"கொசு வந்துடும்மா" என்றாள் உள்ளிருந்து, படு பொறுப்பாக.

உண்மையைச் சொன்னால் முதலில் நிம்மதியாக இருந்தது. யாரும் என் நைட்டியைப் பிடித்து இழுக்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். அப்போது போன் அடித்தது.

ஜன்னலையும் சாத்தியிருந்தாள். கண்ணாடி வழியே பார்க்கத்தான் முடிந்தது. "கண்ணு, தாழ்ப்பாளைத் தூக்கு! போனைத் தொடாதே!" என்று கதவைத் தட்டினேன். அவள் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள், இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல. போனை எடுத்துக் காதில் வைத்தாள். பெரிய மனுஷி மாதிரி தலையாட்டிக் கேட்டாள்.

"வேணாம், வெச்சிடுங்க."

பிறகு பாராட்டை எதிர்பார்த்து என் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

கெஞ்சினேன், மிரட்டினேன், மசியவில்லை. கடைசியில் அவள் விளையாட்டுக்கே இறங்கி வந்தேன். "கொரியர்!" என்று கதவைத் தட்டினேன்.

"ஓடிபி சொல்லுங்க" என்றாள், கொரியர்காரர் வாசலில் என்னிடம் கேட்பதை அப்படியே.

"ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழு."

தாழ்ப்பாள் தூக்கிக்கொண்டது.

ஓடிப்போய் அந்த நம்பரைத் திருப்பிக் கூப்பிட்டேன். எடுத்த பெண் சிரித்துக்கொண்டே, "உங்க பாப்பாதான் பேசினாளா?" என்றாள். அப்புறம் குரல் மாறியது. "இவ்வளவு சின்னக் குழந்தை இருக்குன்னு தெரியாது மேடம். உள்ள பேசிட்டுக் கூப்பிடறோம்." காப்பகத்தைப் பற்றிச் சொன்னேன், கடகடவென்று சொன்னேன். "சரி மேடம், கூப்பிடறோம்" என்று வைத்துவிட்டாள்.

கூப்பிடவில்லை. கணவர் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "என் பொண்ணு போன்கூட எடுக்கறா பாரேன்" என்று மகளைத் தூக்கிக்கொண்டார். வேறு வேலை வராமலா போய்விடும் என்றார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை வைக்க இடமில்லை. அவள்மேல் கோபப்படவும் வழியில்லை.

சில நாள் கழித்து அவர் கிளம்பிப் போனதும் அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, ஆணியிலிருந்த பையை எடுத்தாள். தோளில் மாட்டினாள், பை தரையைப் பெருக்கியது. என் கன்னத்தைத் தட்டி, "ஆபீஸ் போறேன். சமத்தா இரு. வீட்டைப் பாத்துக்கோ" என்று பால்கனிப் பக்கம் நடந்தாள்.

"எப்ப வருவே?" என்று கேட்டேன்.

"ராத்திரி ஆயிடும். அழக்கூடாது, என்ன?" என்றாள்.

அதுவரை நான் அழவில்லை.