தோல்வியே காணாத அணி

குலசிங்கத்துக்குப் பொன்னாடை என்றாலே எரிச்சல். அதைப் பொய்க்காகப் போர்த்துகிறார்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.

கனடாவில், அஜின்கோர்ட் மண்டபத்தில் ஊர்க் கல்லூரியின் பழைய மாணவர் சங்க மதிய விருந்து. மேடையில் சுவர் நிறையப் பதாகை: '1990ஆம் ஆண்டு. போர்க்காலத்திலும் தோல்வியே காணாத நம் உதைபந்தாட்ட அணி.' நடுவில் அணித்தலைவர் குலசிங்கத்தின் படம், மீசை அரும்பும் வயதில். உண்மையில் அந்த வருடம் அவர்கள் ஒரு மற்சிலும் வெல்லவில்லை.

"கிளிபோட், உந்தப் பதாகையை ஆரடாப்பா எழுதினது?"

சங்கத் தலைவர் கிளிபோட் விட்பியில் வீடு விற்பவர். கல்லூரியில் குலசிங்கத்துக்கு மிகவும் இளையவர். "வட்ஸ்அப் குறூப்பில கேட்டனான் அண்ணை, அந்த வருசம் ஆரிட்டையாவது தோத்தனாங்களோ எண்டு. எல்லாரும் கும்பிடுற கைதான் போட்டவை."

வாசிக்காதவர்கள்தான் கும்பிடுகிற கை போடுவார்கள் என்பது கிளிபோட்டுக்கு மட்டும் தெரியாது.

"எல்லா மற்சும் தோத்தனாங்களடா! கடைசி மற்சில எங்களுக்கு ஏழு கோல் அடிச்ச றெமிஜியஸ் உந்தா, பின் மேசையில இருந்து றோல்ஸ் சாப்பிடுறான்!"

"அவர் என்ரை மச்சான், அண்ணை. ஒண்டும் சொல்லமாட்டார்."

குலசிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனைவி சந்திரவதனா கையைப் பிடித்தாள். "பேசாமல் பொன்னாடையைப் போட்டுக்கொண்டு வாங்கோவன். சோறு ஆறுது."

பேசாமல் எப்படி இருப்பது? அந்த வருடம், நன்றாக விளையாடியவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டுக்கு ஓடிவிட்டார்கள், மீதிப்பேர் இயக்கத்துக்குப் போய்விட்டார்கள். மிஞ்சிய பொடியன்களைச் சேர்த்து அணி கட்டினார். குண்டு போடப் பொம்பர் வந்தால் பங்கருக்குள் பாய்வார்கள்; அது போனதும் ஏறி வந்து மிச்ச ஆட்டத்தையும் தோற்பார்கள். கோல் காத்தவன் றூபன், ஒல்லிப்பிச்சான். ஒவ்வொரு கோல் விழும்போதும் பந்தை எடுத்துக்கொண்டு வந்து, "அடுத்ததை விடமாட்டன்" என்பான். அடுத்ததும் விழும். கடைசி மற்ச் முடிந்து கொஞ்ச நாளில் ஷெல் விழுந்து அவன் செத்துப்போனான். வீடும் போயிற்று, அவன் படமும் இல்லை. அணி தோற்கவே இல்லை என்றால் அந்தக் கோலுக்குள் றூபன் நிற்கவும் இல்லை என்றல்லவா ஆகிவிடும்! அவனுக்கென்று மிஞ்சியிருப்பது அந்தத் தோல்விதான். அதையும் அழிக்க இவன்கள் யார்?

பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். போர்த்திய பொன்னாடையைக் கழற்றி கிளிபோட்டின் கையிலேயே திணித்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"உது பொய். நாங்கள் எல்லா மற்சும் தோத்தனாங்கள். கடைசியில ஏழு கோல். கோலுக்குள்ள நிண்டவன் றூபன்."

மண்டபம் முணுமுணுத்தது. மைக்கை நிறுத்தச் சொல்லி கிளிபோட் கையைக் காட்டினார். அப்போது பின் மேசையில் றெமிஜியஸ் எழும்பினார்.

"ஓம், ஏழுதான். இருபது கோலாவது அடிப்பம் எண்டுதான் அண்டைக்கு வந்தனாங்கள். மிச்சம் முழுக்க உங்கடை றூபன் பிடிச்சுப்போட்டான்."

குலசிங்கம் மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடமும் விழுந்த கோல்களைத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். றூபன் பிடித்ததில் ஒன்றுகூட அவருக்கு நினைவில் இல்லை.