மண்புழுவுக்கு உப்பு போடாதீர்கள்

மழை பிடித்துவிட்டால் மேனாம்பேட்டில் தரைத்தளத்து வீடுகளுக்கெல்லாம் விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். பாத்ரூம் தண்ணீர் போகும் ஓட்டை வழியாகவும் சுவரோர விரிசல் வழியாகவும் மண்புழுக்கள் ஏறி வரும். வீட்டுக்காரர்கள் கல் உப்போடு வரவேற்பார்கள். ஒரு கை அள்ளித் தூவினால் புழு துடித்துச் சுருண்டுவிடும். இதற்கென்றே பாத்ரூம் ஜன்னலில் ஓர் உப்பு டப்பா உட்கார்ந்திருக்கும்.

அங்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். திருநின்றவூரிலிருந்து ரயிலில் வந்துபோகிறேன். மண்புழு விவசாயியின் நண்பன் என்று பாடத்தில் இருக்கிறது. என் வகுப்பில் ஒரு குழந்தையும் விவசாயியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு காலத்தில் இதே ஊரில் நாற்று நட்ட குடும்பத்துப் பிள்ளைகள்தான். இப்போது அப்பா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார், அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் பட்டன் தைக்கிறார். யாரென்றே தெரியாதவனின் நண்பனைப் பற்றி என்னத்தை நடத்துவது? எரிச்சலில் புத்தகத்தை மூடிவிட்டு, எல்லாரையும் கை கழுவும் குழாயடிக்குக் கூட்டிப்போனேன். பள்ளியில் மண் என்று மிச்சம் இருந்தது அங்கே மட்டும்தான், அதுவும் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு.

கிளறி ஒரு புழுவை எடுத்துக் கையில் வைத்துக் காட்டினேன். இதற்குக் கண் இல்லை, தோலால்தான் மூச்சு விடுகிறது, உப்பு பட்டால் அந்தத் தோல் காய்ந்து செத்துப்போகும் என்றேன். மழைத் தண்ணீர் நிறைந்ததும் மேலே வருகிறதே தவிர நம்மைக் கடிக்க வரவில்லை என்றேன். அன்றைக்குச் சாயங்காலமே, கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் தன் வீட்டு உப்பு டப்பாவை ஒளித்து வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அவள் அம்மா கேட்டருகே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா மிஸ் சொல்லிக் குடுத்துகினு கீறீங்க? பாத்ரூம் ஃபுல்லா புயு நெளிஞ்சிகினு கீது. உப்பு எங்கடின்னா வாயத் தொறக்க மாட்டேங்குது."

"மண்புழு ஒண்ணும் பண்ணாதுங்க."

"உங்களுக்கு இன்னா மிஸ், சொல்லிட்டுப் பூடுவீங்க. நாங்கல்லாம் தரையில படுக்கறவங்க. புள்ள காதுல பூந்துச்சின்னா?"

எனக்குச் சுருக்கென்றது. காதுக்குள் போகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் கட்டிலில் படுக்கிறவள். உப்பு போடாமல் முறத்தில் வாரி டப்பாவில் போட்டு அனுப்புங்கள், குழாயடி மண்ணில் நான் விட்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, பாக்கலாம்" என்று கம்பெனி வேனைப் பிடிக்க ஓடினார்.

அடுத்த நாளே ஐஸ்கிரீம் டப்பா வந்தது. வகுப்பே சுற்றி நிற்க, அந்தப் பெண் ஈரமண்ணில் கவிழ்த்தாள். புழுக்கள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கி மறைந்தன. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஏதோ தன் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்ட மாதிரி நின்றாள்.

பிறகு மழை வலுத்து லீவு விட்டார்கள். பள்ளி திறந்த அன்று போய்ப் பார்த்தால் குழாயடி முழுக்க சிமெண்ட் கல் பதித்திருந்தது. ஷூவெல்லாம் சேறு என்று பெற்றோர்கள் புகார் சொன்னார்களாம். தாளாளரிடம் போய் நின்றேன். "புழு வளர்க்கவா மிஸ் ஸ்கூல் நடத்துறோம்?" என்று சிரித்தார். கோபத்தோடு திரும்பி வந்தபோது அந்தப் பெண் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிமெண்ட் கல்லின் மேல் நின்றிருந்தாள்.

"மிஸ், லீவுல எங்கம்மா ஒருநாள் கூட உப்பு போடல மிஸ். அவங்களே முறத்துல வாரினாங்க. பயந்துகினேதான் வாரினாங்க." கீழே பார்த்தாள். "இப்ப எங்க மிஸ் வுடறது?"

கேட்டுக்கு வெளியே பார்த்தேன். ரோடு, கான்கிரீட் கால்வாய், அதன் ஓரமெல்லாம் வெள்ளையாக பிளீச்சிங் பவுடர். டப்பாவை வாங்கிக்கொண்டு, எங்கள் ஊர் ஏரிக்கரையில் விட்டுவிடுகிறேன் என்றேன்.

"அப்ப நாளைக்கும் எடுத்தாரட்டா மிஸ்?"

"எடுத்துட்டு வா."

சந்தோஷமாக வகுப்புக்கு ஓடினாள். இந்த ஒரு டப்பாவை எப்படியும் ரயிலில் கொண்டுபோய்விடுவேன். ஆனால் மழைக்காலம் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. இன்றைக்கு ராத்திரியும் அந்த அம்மா என்னை நம்பி, பயந்துகொண்டே முறத்தோடு பாத்ரூமில் குனிவார்.